தர்பூசணிக்காரரும் ஒரு பீர் புட்டியும்

சென்ற வாரம் எங்கள் துறையின் மாணவர் கருத்தரங்கில் ஒரே பாட்டின் மூன்று ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டேன். பாட்டின் பெயர் ‘வாட்டர்மெலன் மேன்’. 1962, 1963, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பதிவுகள். கேட்டு முடித்ததும் முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, “இவற்றுள் எது அசல்?” என்று கேட்டார். “1962” என்று சட்டெனப் பதில் சொல்லிவிட்டு அடுத்த படவில்லைக்கு நகர்ந்துவிட்டேன். ஆண்டுக்கணக்கில் அந்தப் பதில் சரிதான். ஆனால் விடுதி அறைக்குத் திரும்பிய பிறகு அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய நீண்ட பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் 1962. நியூஜெர்சியில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், 22 வயது பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக் தம் முதல் தனித் தட்டான ‘டேக்கிங் ஆஃப்’ என்பதைப் பதிவு செய்தார். அதன் முதல் பாட்டு இது. டெக்ஸ்டர் கார்டன் டெனர் சாக்ஸபோன், ஃப்ரெடி ஹப்பார்ட் டிரம்பெட், புட்ச் வாரன் பாஸ், பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ். வடிவத்தால் இது ப்ளூஸ். வழக்கமான 12 பார் சுற்றை இழுத்து 16 பார் ஆக்கியிருக்கிறார். மெட்டுக்கான மூலத்தை ஹேன்காக் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்த சிகாகோவின் சந்துகளில் தர்பூசணி விற்பவர் குதிரை வண்டியில் வருவார். கல் பாவிய தரையில் சக்கரம் உருளும் ஓசைதான் பியானோவின் தாளம். வீட்டுப் பெண்கள் அவரைக் கூவி அழைத்த குரல்தான் மெட்டு.

இந்தப் பெயரை வைப்பதற்கே அவர் தயங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரையும் தர்பூசணியையும் சேர்த்து இழிவுபடுத்தும் கேலிச்சித்திர மரபு அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்தது. அந்தக் கேலிக்கு அஞ்சித் தன் தெருவின் நினைவை விட்டுக்கொடுப்பதா என்று எண்ணிப்பார்த்த பிறகே அந்தப் பெயரை உறுதி செய்தார். ஆகவே இது தன் தெருவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட பாட்டு.

இரண்டாவது பதிவு மோங்கோ சாந்தமாரியாவுடையது. கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த காங்கா வாத்தியக்காரர் அவர். அவருடைய குழுவில் பியானோ வாசிக்க ஆள் இல்லாத சில நாள்களில் ஹேன்காக் மாற்றாளாகப் போனார். ஓர் இரவு, இடைவேளையில், டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் தூண்டுதலால் ஹேன்காக் இந்த மெட்டை வாசித்துக்காட்டினார். மோங்கோ காங்காவில் கைவைத்தார். குழுவினர் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டனர். அவையோர் எழுந்து ஆடத் தொடங்கினர். 1962 டிசம்பரில் பதிவான மோங்கோவின் வடிவம் அடுத்த ஆண்டு பில்போர்டின் பொதுப்பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. ஏழு நிமிட ஜாஸ் உருப்படி மூன்று நிமிடத்துக்கும் குறைவான நடனப் பாட்டாயிற்று. மெட்டு அதேதான். ஆனால் கியூபத் தாளம் அதை வேறு ஊருக்குக் குடிபெயர்த்துவிட்டது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. முதல் தட்டு வெளியாவதற்கு முன்பே பேர்ட், தம் இளைய நண்பரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்: பாட்டின் வெளியீட்டு உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிடாதே. கேட்பார்கள், மறுத்துவிடு. ஹேன்காக் மறுத்தார், நிறுவனமும் இறங்கிவந்தது. அதனால்தான் மோங்கோவின் பதிவு விற்றபோது இயற்றியவருக்கு உரிய தொகை ஹேன்காக்கின் கைக்கே வந்து சேர்ந்தது. அந்த வருவாயில் அவர் 1963ஆம் ஆண்டின் ஷெல்பி கோப்ரா கார் ஒன்றை வாங்கிய கதை ஜாஸ் உலகில் பெயர்பெற்றது. கறுப்பினக் கலைஞர்கள் தம் பாட்டுகளின் உரிமையைச் சொற்பத் தொகைக்கு இழந்துகொண்டிருந்த காலத்தில் இது சாதாரணச் செய்தியன்று. உரிமை என்றால் என்னவென்று அறிந்த கலைஞர் அவர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மூன்றாவது பதிவுக்கு வருவோம்.

1973. ஹேன்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ தட்டு. அதற்கு முன் சில ஆண்டுகள் அவர் கடினமான, பரிசோதனைத் தன்மை மிகுந்த இசையில் மூழ்கியிருந்தார். அதிலிருந்து விலகி, தரையில் கால் பதிக்கும் ஓர் இசையைத் தேடினார். அந்தத் தேடல் அவரை ஃபங்க் இசையிடம் கொண்டுசேர்த்தது. 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் நிலைநிறுத்திய ஃபங்க் இசையில் சுருதிக்கோவைகளின் நகர்வு குறையும். முதல் தட்டு அழுத்தம் பெறும். பாஸ், கிட்டார், ஊதுகருவி எல்லாமே தோல்கருவிகளைப் போல நடந்துகொள்ளும். தனித்தனியே எளிய துணுக்குகள் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து ஓயாமல் சுழலும். ‘குரூவ்’ என்று அவர்கள் சொல்வது இந்தப் பின்னலைத்தான். தட்டில் உள்ள நான்கு உருப்படிகளுள் இரண்டாவது ‘வாட்டர்மெலன் மேன்’. அதைப் புதிதாக வடிவமைத்தவர் டிரம்ஸ் கலைஞர் ஹார்வி மேசன். வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பால் ஜாக்சனின் பாஸ் சிறிய சுற்று ஒன்றில் அசைந்துகொண்டே இருக்கிறது. பழைய மெட்டு நெடுநேரம் காத்திருந்து, விருந்தாளியைப் போல மெல்ல உள்ளே வருகிறது.

இத்தனைக்கும் முன்னால், பதிவின் தொடக்கத்தில் கேட்பது ஒரு மூச்சு. தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் ஒரு பீர் புட்டியின் வாயில் ஊதுகிறார். ஊதலுக்கும் ஊதலுக்கும் இடையில் குரல் கொடுக்கிறார். புட்டிக்கு ஒரே சுரம்தான். மீதிச் சுரங்களைக் குரல் நிரப்புகிறது. ஊதலும் குரலும் மாறிமாறி வருவதால் ஒரே மனிதரிடமிருந்து ஒரு முழு மெட்டு பிறக்கிறது. இப்படிப் பல இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகி ஒரு சிறு காடாகின்றன. கருத்தரங்கில் இதை ஒலிக்கவிட்டபோது கைப்பேசியில் மூழ்கியிருந்தவர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள். இந்தப் பாட்டை உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்கு அந்தத் தொடக்கம் ஒரு பெருங்காரணம்.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் காடுகளில் வாழும் பா-பென்ஸெலே மக்களிடமிருந்து. வெளியார் ‘பிக்மி’ என்று பொதுவாகக் குறித்த, அவர்களில் பலர் விரும்பாத பெயரால் அழைக்கப்படும் சமூகங்களுள் அவர்களும் ஒருவர். பப்பாளிக் காம்பில் செய்த ஒற்றைச் சுர ஊதல் அவர்களிடம் உண்டு. அதன் பெயர் ‘ஹிந்தேவு’. வேட்டையிலிருந்து திரும்புவோர் தம் வரவை அறிவிக்க, ஊதலையும் குரலையும் மாற்றிமாற்றி இசைப்பார்கள்.

அந்த இசை காட்டிலிருந்து கலிஃபோர்னியாவுக்குச் சென்ற வழியில் நம் போன்ற ஓர் ஆய்வாளர் நிற்கிறார். சிம்ஹா அரோம் என்ற இஸ்ரேலிய இசைக்கலைஞர் 1963இல் அந்நாட்டுக்குப் போனார். அவர் போன வேலை ஒரு பித்தளை வாத்தியக் குழுவை அமைப்பது. போன இடத்தில் அம்மக்களின் பல்குரல் இசையைக் கேட்டு வியந்து, வாழ்நாள் முழுவதையும் அதன் ஆய்வுக்கே கொடுத்தார். அவர் ஜெனவியேவ் டோரெலுடன் சேர்ந்து உருவாக்கிய பா-பென்ஸெலே இசைத்தட்டு யுனெஸ்கோவின் ஆப்பிரிக்க இசைத் தொகுப்பு வரிசையில் 1966இல் வெளிவந்தது. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் சம்மர்ஸ் அந்த முறையைக் கற்றார். பப்பாளிக் காம்புக்குப் பதிலாகப் பீர் புட்டியை எடுத்துக்கொண்டார்.

‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஜாஸ் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்ற தட்டுகளுள் ஒன்றாயிற்று. ‘வாட்டர்மெலன் மேன்’ பாட்டுக்கு இயற்றியவர் என்ற வரியில் இருப்பது ஹேன்காக்கின் பெயர் மட்டுமே. சட்டப்படி அது சரி. இயற்றப்பட்ட படைப்பு என்று சட்டம் கருதுவது 1962இல் பதிவான மெட்டை. தொடக்கத்தில் வரும் மூச்சு ‘வடிவமைப்பு’. குரூவ் ‘வாசிப்பு’. அவற்றுக்கு அன்றைய ஊதியம் உண்டு. இயற்றியவருக்குக் காலமெல்லாம் வரும் பங்கு இல்லை. மேசனுக்கும் சம்மர்ஸுக்குமே இதுதான் நிலை என்றால், கடல் தாண்டி இருப்பவர்களை யார் கேட்கப்போகிறார்கள்?

கதை அத்தோடு முடியவில்லை. 1994இல் மடோனாவின் ‘பெட்டைம் ஸ்டோரீஸ்’ தட்டில் வந்த ‘சாங்ச்சுவரி’ பாட்டு, 1973ஆம் ஆண்டுப் பதிவின் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியது. அந்தப் பாட்டை எழுதியோர் வரிசையில் ஹேன்காக்கின் பெயரும் முறைப்படி சேர்ந்தது. அதாவது, ஒரு கலைஞரிடமிருந்து எடுத்தால் பெயர் போடவேண்டும் என்ற நெறி அங்கே செவ்வனே இயங்கியது. அந்த நெறி ஒரு படி பின்னால் வரை போய், அங்கே நின்றுவிட்டது. காகிதம் எதுவரை இருந்ததோ அதுவரைதான் நன்றியும் போயிற்று.

இந்தத் தொடரை முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர் இசைமானிடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட். 1996இல் வெளிவந்த அவருடைய கட்டுரையை நம் துறை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவர் இதைப் பற்றி ஹேன்காக்கிடமே கேட்டிருக்கிறார். இது கறுப்பினச் சகோதரர்களுக்கிடையே உள்ள கொடுக்கல் வாங்கல் என்பது ஹேன்காக்கின் பதிலின் சாரம். அந்தப் பதிலை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அடிமைக் கப்பல்களால் அறுக்கப்பட்ட உறவைத் திரும்பக் கோரும் ஒருவரின் குரல் அதில் இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று எடுத்துக்கொள்வதும் அவர் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆயினும் சகோதரர் என்றால் பங்கும் உண்டு. மூதாதையரின் நிலம் என்று உரிமை பேசிவிட்டு, விளைச்சலை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வதைச் சகோதர முறை என்று எந்த ஊரிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கடன் வாங்காத இசை எது? சிகாகோவின் தர்பூசணிக்காரருக்கும் அவரைக் கூவி அழைத்த பெண்களுக்கும்கூட யாரும் பங்கு தரவில்லையே. ஊதலுக்கும் குரலுக்கும் காப்புரிமை வேலி போட்டால் இசையே மூச்சடைத்துப் போகாதா? போகும். நானும் வேலி கேட்கவில்லை. ஃபங்க் இசையே பிறர் துணுக்கைத் தன் இடைவெளியில் ஏற்றுக்கொள்ளும் கலைதான். 1962ஆம் ஆண்டின் பதிவோடு நின்றிருந்தால் நமக்கு 1973 கிடைத்திருக்காது. அந்த இழப்பை நான் விரும்பவில்லை. எடுத்தாள்வதற்கு அனுமதி, எடுத்த இடத்தின் பெயர், வந்த வருவாயில் பங்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். முதலாவது தளர்வாகவே இருக்கட்டும். மூன்றாவது சிக்கலானது, ஒரு சமூகத்தின் சார்பில் யார் பெற்றுக்கொள்வது என்பதற்கே எளிய விடையில்லை. ஆனால் இரண்டாவதற்கு ஒரு காசும் செலவில்லை. அதையும் செய்யாமல் விடுவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

தெருவின் கூவலும் காட்டின் ஊதலும் ஒரே வகையான கடன் என்ற வாதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஹேன்காக் அந்தத் தெருவின் பிள்ளை. கூவலைக் கேட்டு வளர்ந்து, அதிலிருந்து புதியதொரு மெட்டை வார்த்தார். எங்கிருந்து வந்தது என்பதையும் வாயாரச் சொன்னார். கூவியவர்கள் அந்தப் பாட்டைக் கேட்கவும், கேட்டு மகிழவும், வேண்டுமானால் சண்டைக்கு வரவும் கூடிய தொலைவில் இருந்தார்கள். பா-பென்ஸெலே மக்களுக்கோ அந்தத் தொலைவைக் கடக்க வழியே இல்லை. வழியை வைத்திருந்தவர்கள் பதிவுக் கருவியும் நூலகமும் பதிப்பகமும் உடையவர்கள். அதாவது நாம்.

நம் நாட்டுச் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, ஏற்கெனவே பதிவான பாட்டுக்குப் புதிய வடிவம் செய்வதற்கான சட்ட உரிமத்தைப் பற்றியது. முதற்பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். குறைந்தது 50,000 படிகளுக்கான தொகையை உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘உரிமையாளர்’ என்று ஒருவர் காகிதத்தில் இருந்தால்தான் அந்த ஏற்பாடு பேசத் தொடங்கும். நாற்று நடும் பெண்களின் பாட்டுக்கு அது வாய் திறக்காது.

இப்போது எனக்கு உறைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கருத்தரங்கு முடிந்த அன்றிரவு, என் ஆய்வுக்காக மூன்றாண்டுகளுக்கு முன் தெலங்கானாவின் ஒரு சிற்றூரில் பதிவு செய்த நடவுப் பாட்டுகளின் கோப்புறையைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு விவரச் சீட்டு உண்டு. பதிவு செய்தவர்: என் பெயர். கருவி: அதன் தயாரிப்பு எண் வரை. இடம், நாள், நேரம், வானிலை எல்லாம் உண்டு. பாடியவர்கள் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: ‘ஊர்ப் பெண்கள், ஏழு பேர்’.

அவர்களுடைய பெயர்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நான்கு நாள் அவர்களோடு வரப்பில் அமர்ந்து சோறு தின்றிருக்கிறேன். அவர்களில் மூத்தவர் என்னை ‘பிட்டா’ என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை ‘அவ்வா’ என்பேன். எடுத்துக்கொடுப்பவர் அவர், வாங்கிப் பாடுபவர்கள் மற்ற அறுவர். இடையில் ஒரு பாட்டை நிறுத்தி, அது தன் அத்தை கட்டிய பாட்டு என்றுகூட அவ்வா சொன்னார். அந்தக் குரல் என் பதிவிலேயே இருக்கிறது. அதாவது, இயற்றியவர் யார் என்பதே பதிவாகியிருக்கிறது. சீட்டில் மட்டும் இல்லை. வாய்மொழி மரபு என்றால் ஆசிரியர் இல்லாதது என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். காதில் விழுந்ததைவிடப் பாடநூலில் படித்ததை நம்பி எழுதியிருக்கிறேன்.

அந்தக் கோப்புகளை நாளை நான் ஏதேனும் ஓர் ஆவணக்காப்பகத்தில் சேர்ப்பேன். இன்னும் பத்தாண்டில் யாரோ ஒரு இளம் இசையமைப்பாளர் அதைக் கேட்பார். நல்ல மனத்தோடுதான் கேட்பார். நன்றி சொல்ல விரும்பினாலும் அவர் யாருக்குச் சொல்வார்? என் பெயரைத்தான் போடுவார். ‘ஊர்ப் பெண்கள், ஏழு பேர்’ என்று எழுதிய அந்த நொடியிலேயே, 1994இல் நடந்தது போன்ற ஒன்றுக்கு நான் முன்கூட்டியே வழி செய்து வைத்திருக்கிறேன். ஹேன்காக்கைக் குறைசொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில் இது. ‘எது அசல்’ என்ற கேள்விக்கு ஆண்டைச் சொல்லி முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு பதிவு இருக்கிறது. சில பதிவுகள் தட்டில் இருக்கின்றன, சில தொண்டையில் இருக்கின்றன. நான் வகுப்பில் மூன்று பதிவுகளை வரிசைப்படுத்தினேன். நான்காவதாக 1966ஆம் ஆண்டுத் தட்டையும் அந்த வரிசையில் வைத்திருக்க வேண்டும். பின்னணித் தகவலாக அன்று, மற்றவற்றுக்குச் சமமான ஒரு பதிவாக. ஆய்வாளரின் களப்பதிவும் ஒரு வடிவந்தான். எங்கே கருவியை வைப்பது, எங்கே நிறுத்துவது, யார் பெயரை எழுதுவது என்று ஆய்வாளர் செய்யும் ஒவ்வொரு முடிவும் பின்னால் வரும் வடிவங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

களத்துக்குப் போகவிருக்கும் மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பாடியவர்கள் மறுத்தாலொழிய ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் சொல்லும் விதமாகவே எழுதுங்கள்; மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். ‘பதிவு செய்யலாமா’ என்று மட்டும் கேட்காமல், ‘இதை வேறொருவர் கேட்டுப் பாட்டாக்கினால் உங்களுக்குச் சம்மதமா, அப்போது என்ன சொல்ல வேண்டும்’ என்றும் கேளுங்கள். பாட்டைப் பற்றிப் பாடியவர்கள் சொல்லும் வரலாற்றைப் பாட்டின் பகுதியாகவே பதிவில் வையுங்கள், வெட்டி எறியாதீர்கள். ஆய்வேட்டு விதிமுறைகளில் இவை கட்டாயமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

என் ஏழு பேரில் ஐவரின் பெயர்களைப் பதிவைத் திரும்பக் கேட்டும் பழைய குறிப்பேட்டைப் புரட்டியும் மீட்டுவிட்டேன். பாட்டுக் கட்டிய அத்தையின் பெயரும் கிடைத்துவிட்டது. அவ்வா இருமுறை சொல்லியிருக்கிறார், இருமுறையும் நான் வேறு ஏதோ கேள்வி கேட்டு இடைமறித்திருக்கிறேன். இன்னும் இருவர் பெயர் தெரியவில்லை. அடுத்த நடவுக்கு அந்த ஊருக்குப் போகிறேன்.